ஐந்தாவது ஆள்

34-33. இன்னும் ஒரே புள்ளி.

சாயங்காலத் தூறலில் மஞ்சள் கம்பளிப் பந்து நனைந்து கனத்துவிட்டது. ஆற்றுக்கு அக்கரை அணியின் கேப்டன் அதைப் பிழிந்தார், பனியனில் துடைத்தார், வாயால் ஊதினார். மட்டையில் தட்டிப் பார்த்தால் ‘தொப்’ என்றது.

"மாமா, பந்து போடுறீங்களா, துவைச்சுக் காயப் போடுறீங்களா?"

எங்கள் ஊர்ப் பூப்பந்து லீக் இப்படித்தான்.

அணிக்கு ஐந்து பேர் வேண்டும். எங்களிடம் நாலுதான், ஒருத்தர் சம்பா நடவில் மாட்டிக்கொண்டார். அக்கரைக்காரர்களே பெரிய மனசோடு ஒரு பையனைக் கடன் கொடுத்தார்கள். கடைசிப் புள்ளியை எடுத்தது அவன்தான்!

"சோறு எங்க வீட்டுல, விசுவாசம் அங்கயா?" கேப்டனுக்கு ஆறவே இல்லை.

தஞ்சாவூர் அரண்மனையில் பிறந்த ஆட்டம் என்பார்கள். எங்களுக்கு அந்தப் பெருமையெல்லாம் அரசலாற்றுக்கு அந்தப் பக்கத்து ஆளை ஜெயித்தால்தான். பிள்ளைகள் திருப்பூர், சென்னை என்று போய்விட்ட காலத்தில், எதிரணியையும் விதைநெல் மாதிரி காப்பாற்றி வைக்க வேண்டியிருக்கிறது.

தோற்றவர்கள்தான் டீ, வடைக்குக் காசு கொடுக்கணும். கடன் பையன் எந்தக் கணக்கு?

பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. அவன் மட்டும் மூணாவது வடையில் இருக்கிறான்.