நிணநீர் நாளங்கள்: முதலாம் ஆண்டு வைவாவுக்கு நான் படித்த விதம்

எம்பிபிஎஸ் முதலாம் ஆண்டில் பலரும் நிணநீர் மண்டலத்தைத் தேர்வுக்கு முந்தின ராத்திரிக்குத் தள்ளிவிடுவார்கள். சில பக்கங்கள்தானே என்ற தைரியம். ஆனால் ஃபிசியாலஜி, அனாட்டமி இரண்டு வைவாவிலும் (வாய்மொழித் தேர்வு) இதில் பிடித்து இழுப்பார்கள்.

எனக்குக் கைகொடுத்த வழி, பட்டியலை உருப்போடாமல் ஒரேயொரு புரத மூலக்கூறின் பின்னால் போனதுதான். ரத்தத் தந்துகியிலிருந்து (மிக மெல்லிய ரத்தக் குழாய்) திசுவுக்குள் கசியும் நீரில் பெரும்பகுதி ரத்தத்துக்கே திரும்பிவிடும், மிச்சம் நாளொன்றுக்குச் சுமார் 2 முதல் 3 லிட்டர் நிணநீராகும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆனால் விஷயம் நீரில் இல்லை. கசிந்த புரதம் தந்துகிக்குள் நேராகத் திரும்ப முடியாது. நிணநீர் நாளம்தான் அதற்கு வழி. "நாளம் அடைத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டால் "வீக்கம்" என்று ஒரு வார்த்தையில் நிறுத்தாதீர்கள். புரதம் திசுவில் தேங்கும், அது நீரைப் பிடித்துவைக்கும், அதனால் வீக்கம் என்று வரிசையாகச் சொல்லுங்கள். யானைக்கால் நோய்க்கும், மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்த பிறகு வரும் கை வீக்கத்துக்கும் இதே வரிசைதான்.

சரி, புரதம் உள்ளே நுழைவது எப்படி? நிணநீர்த் தந்துகியின் முனை மூடியிருக்கும். சுவர்ச் செல்களின் ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, உள்பக்கம் மட்டும் திறக்கும் கதவு போல இருக்கும். அந்தச் செல்களைச் சுற்றுத் திசுவோடு நுண்ணிழைகள் கட்டியிருக்கின்றன. திசுவில் நீர் சேர்ந்து உப்பினால் இழை இழுபட்டுக் கதவு திறக்கும். நாளத்துக்குள் அழுத்தம் ஏறினால் சாத்திக்கொள்ளும். இதைப் பென்சிலில் வரையப் பழகுங்கள், ஷார்ட் நோட்ஸில் பாதி மார்க் அங்கேயே இருக்கிறது.

அப்புறம், தந்துகிகளிலிருந்து நிணநீரை வாங்கிச் செல்லும் சேகரிப்பு நாளங்கள். இரண்டு வால்வுகளுக்கு இடைப்பட்ட துண்டு லிம்ஃபாஞ்சியான். நிரம்பி விரிந்ததும் அதன் சுவரிலுள்ள மென்தசை தானாகவே சுருங்கித் தள்ளும். தசை அசைவு, பக்கத்துத் தமனியின் துடிப்பு, மூச்சு இவையெல்லாம் துணைக்கு. ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தால் கணுக்கால் வீங்குகிறதே, அதில் சிரை அழுத்தத்தோடு இந்த அசைவின்மைக்கும் பங்கு உண்டு.

அனாட்டமியில், உடலின் மிகப் பெரிய நிணநீர் நாளமான தொராசிக் டக்டின் பாதையை விடவே கூடாது. வயிற்றின் பின்பக்கமுள்ள சிஸ்டெர்னா கைலி என்ற நிணநீர்ப் பையில் தொடங்கி, டி12 (12-ஆம் மார்பு முள்ளெலும்பு) மட்டத்தில் உதரவிதானத்தின் அயோர்ட்டா துளை வழியே மேலேறி, டி5 அருகே இடப்பக்கம் தாண்டி, இடது உள் ஜுகுலர் சிரையும் சப்கிளேவியன் சிரையும் சேரும் மூலையில் கலக்கும். டிஸெக்‌ஷன் ஹாலில் உணவுக்குழாயை ஒதுக்கிவிட்டு, அயோர்ட்டாவுக்கும் அதன் வலப்பக்கமுள்ள அஸைகஸ் சிரைக்கும் நடுவில் தேடுங்கள். வெளிறி, மெலிதாக, வால்வு இருக்குமிடங்களில் சற்று ஒடுங்கித் தெரியும். ஃபோர்செப்ஸால் வேகமாக இழுத்தால் அறுந்துவிடும்.

வலது கையின் நிணநீரும், தலை, கழுத்து, மார்பு ஆகியவற்றின் வலது பாதி நிணநீரும் மட்டும் வலது நிணநீர் டக்டுக்குப் போகும், மற்றதெல்லாம் தொராசிக் டக்டுக்கு. உடல் படத்தில் அதை நிழலிட்டுக் காட்டுங்கள். வயிற்றுப் புற்றுநோயில் இடது காறை எலும்புக்கு மேலுள்ள கணு ஏன் வீங்குகிறது என்று அடுத்துக் கேட்பார்கள். வயிற்றின் நிணநீரைக் கொண்டுவரும் தொராசிக் டக்ட் அந்தக் கணுவின் அருகில்தான் முடிகிறது என்று சொன்னால் போதும்.