டொங்கிய பேரல்

ஜூன் 14

மேட்டூர் திறந்து ரெண்டு நாள். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர இன்னும் நாளாகும். அதற்குள் போர்த் தண்ணீரில் நாற்றங்காலை அடித்துவிடலாம் என்று டிராக்டருக்குக் கேஜ் வீல், அதாவது சேற்றில் ஓட்டும் இரும்புச் சக்கரம், மாட்டி இறங்கினேன். மூணாவது சுற்றில் வண்டி இருமியது. ஆக்சிலேட்டரைத் தள்ளினாலும் இழுவை இல்லை. சேற்றிலேயே நின்றுவிட்டது. டீசல் குழாயில் அடைத்த ஏரை எடுத்தால் அஞ்சு நிமிஷம் ஓடுகிறது, மறுபடி நிற்கிறது.

ஜூன் 15

மெக்கானிக் தம்பி ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி வெயிலில் காட்டினார். அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. அதன்மேல் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒன்று. விரலால் தொட்டால் நூலாக வருகிறது. புளிச்ச வாடை. "டீசல்ல பாசி புடிச்சிருச்சுண்ணே." பாசி இல்லை, பூஞ்சையும் பாக்டீரியாவும். தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் குடியிருந்து டீசலைத் தின்று வளரும். அந்தக் கசடுதான் ஃபில்டரை அடைத்தது.

டீசல் வாங்கிய பங்க்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இன்றே அங்கே ஒரு பாட்டில் வாங்கி, வீட்டில் டீசல் வைத்திருக்கும் எங்கள் பேரலின் அடியிலிருந்து ஹோஸ் விட்டு எடுத்த ஒரு பாட்டிலோடு திண்ணையில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 16

பங்க் பாட்டில் பளிச்சென்று இருக்கிறது. எங்கள் பாட்டிலில் கீழே தண்ணீர், நடுவில் அந்தக் கொழகொழ, மேலே கலங்கிய டீசல். திட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

தண்ணீர் எப்படிப் போனது? அம்மாதான் முடிச்சை அவிழ்த்தார். "ராத்திரியானா டொங்குங்குதே அந்தப் பேரல், நீதான் காதுலயே வாங்கலயே."

200 லிட்டர் பேரல். சித்திரையில் பாதி எடுத்துவிட்டு, கொட்டகை ஓரம் நிமிர்த்தி வைத்திருந்தேன். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து தகரம் உப்பும். ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது டொங்கென்று உள்வாங்கும். கோடை மழை பெய்த நாட்களில் பேரல் தலையில், விளிம்புக்குள் மழைத் தண்ணீர் குளமாக நின்றது. மூடி வாஷர் வெடித்திருக்கிறது. ஒவ்வொரு டொங்குக்கும் ஒரு வாய் குடித்திருக்கிறது பேரல்.

ஜூன் 17

முழுநாள் வேலை. வண்டி டேங்கை அடிவரை வடித்து, கிண்ணத்தைக் கழுவி, ரெண்டு ஃபில்டரையும் புதுசு போட்டோம். நல்லவேளை, டீசல் பம்புக்கும் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்கும் சேதமில்லை. அவற்றுக்கு டீசலேதான் வழவழப்பு. தண்ணீர் புகுந்தால் துரு, பிறகு செலவு பெரிது.

பேரலில் மேல்டீசலை மட்டும் ஹோஸில் இறக்கி, அடியில் நாலு விரற்கடை விட்டுவிட்டேன். அந்தக் கசடை வாய்க்கால் பக்கம் ஊற்ற மனம் வரவில்லை. "கேஜ் வீலுக்குப் பூசிக்கிறேன் மாப்ள" என்று மாமா கேனோடு வாங்கிப் போனார்.

ஜூன் 19

இறக்கிய டீசலைக் கேன்களில் ரெண்டு நாள் தெளியவிட்டு, மேலாக வடிகட்டி ஊற்றினேன். காலையிலிருந்து ஓடுகிறது. நாளை மறுநாள் இந்த ஃபில்டரையும் ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் தம்பி. டேங்கில் ஒட்டியது இன்னும் உதிருமாம்.

காலிப் பேரல் காய்கிறது. புது வாஷர் போட்டாச்சு. இனி கொட்டகைக்குள்ளே, ஒரு பக்கம் செங்கல் கொடுத்துச் சாய்த்து, தலையில் எது தேங்கினாலும் மூடி ரெண்டையும் தொடாதபடி. கோடையில் பாதிப் பேரல் வைப்பதும் இல்லை.

ராத்திரி சத்தமே இல்லாமல் தூக்கம் வரவில்லை என்கிறார் அம்மா.