பருப்பு மண்டிக் கணக்கில் பிடிபட்ட கிளாஸ்

ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் சொல்லித்தரும் வீடியோக்கள் பலவற்றில் விலங்கு என்று ஒரு கிளாஸ் (ஒரே மாதிரிப் பொருள்களை வார்க்கும் அச்சு மாதிரி) வரும். அதிலிருந்து நாய், பூனை. நாய் குரைக்கும், பூனை கத்தும். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். நம் வேலைக்கு ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தால் எதைக் கிளாஸ் ஆக்குவது என்றே தெரியாது. யாங்கூனில் மாமாவின் பருப்பு மண்டிக் கணக்கைப் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் எழுதியபோதுதான் எனக்கு அது பிடிபட்டது.

உளுந்து, துவரை, பாசிப்பயறு எல்லாம் மண்டிக்கு லாட் லாட்டாக, அதாவது மூட்டைத் தொகுதிகளாக, வரும். உளுந்தில் எஃப்.ஏ.கியூ. (சராசரித் தரம்), எஸ்.கியூ. (சிறப்புத் தரம்) என்று இரண்டு தரம். கடைச் சில்லறைக்கு வீசைக் கணக்கு, விலை மியான்மர் நாணயமான சாட்டில். ஒரு வீசை ஏறக்குறைய 1.63 கிலோ. இந்தியாவுக்குக் கப்பலில் போவதற்கு டன் கணக்கு, விலை டாலரில். மாமாவுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்தான்: "கிடங்குல இன்னைக்கு எவ்வளவு பணம் முடங்கிக் கெடக்கு, மாப்ள?"

முதலில் கிளாஸ் பக்கமே போகவில்லை. ஒவ்வொரு லாட்டும், பெயரும் மதிப்பும் ஜோடியாகச் சேர்த்து வைக்கும் ஒரு டிக்‌ஷனரி: வகை, தரம், மூட்டை, எடை, விலை. மதிப்புப் போட ஒரு ஃபங்ஷன் (பெயர் வைத்துக் கூப்பிடும் ஒரு வேலைத் துண்டு), விற்றதைக் கழிக்க ஒன்று. தொடங்குகிறவர்கள் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பேன். எழுத எழுத ஒன்று கண்ணில் பட்டது: எல்லா ஃபங்ஷனும் முதல் உள்ளீடாக அதே டிக்‌ஷனரியைத்தான் கேட்டன. மூட்டை எண்ணிக்கை மைனஸுக்குப் போகக் கூடாது என்ற சோதனையை, மூட்டையைத் தொடும் இடத்தில் எல்லாம் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. எப்போதும் சேர்ந்தே திரியும் விவரங்களும் அவற்றை மட்டுமே தொடும் ஃபங்ஷன்களும் இருந்தால், அங்கே ஒரு கிளாஸ் ஏற்கெனவே இருக்கிறது. நாம் அதற்குப் பெயர் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

சரி, லாட் என்று கிளாஸ் எழுதியாயிற்று. அடுத்து எல்லாரையும் தடுக்கி விடும் செல்ஃப். மெத்தடை, அதாவது கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷனை, எழுதும்போது செல்ஃப் என்று ஒன்று போடுகிறோம், கூப்பிடும்போது அதைக் கொடுப்பதில்லை. அது எங்கிருந்து வருகிறது? கரண்ட்டும் இன்டர்நெட்டும் நேரம் பார்த்து வருகிற ஊரில் யூடியூபை நம்ப முடியாது என்பதால் பைத்தானின் ஆவணங்களை முன்பே இறக்கி வைத்திருந்தேன். அதில் உள்ள பாடத்தின் 9ஆம் அத்தியாயம் முழுக்கக் கிளாஸ்தான். அதைப் படித்துக்கொண்டே, பைத்தானோடு வரும் ஐடில் எடிட்டரில் இரண்டு விதமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். உளுந்து என்ற ஆப்ஜெக்ட்டுக்கு (லாட் அச்சில் வார்த்த ஒரு லாட்) பின்னால் புள்ளி வைத்து விற்பனை மெத்தடுக்கு 50 கொடுத்தது ஒன்று. லாட் என்ற கிளாஸுக்குப் பின்னால் புள்ளி வைத்து, அதே மெத்தடுக்கு உளுந்தையும் 50ஐயும் கொடுத்தது இன்னொன்று. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தன. ஆக, என் பழைய ஃபங்ஷன்கள் கேட்ட அந்த முதல் டிக்‌ஷனரிதான் செல்ஃப். புள்ளிக்கு முன்னால் நிற்பதைப் பைத்தானே எடுத்து உள்ளே தள்ளிவிடுகிறது. இதை நீங்களும் தட்டிப் பாருங்கள், படித்தால் மட்டும் மண்டையில் ஏறாது.

மைனஸ் சோதனை இப்போது விற்பனை மெத்தடுக்குள் ஒரே இடத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து யாராவது மூட்டையை நேராக மாற்றினால் பைத்தான் தடுக்காது. பெயருக்கு முன்னால் ஒரு அடிக்கோடு போட்டால் 'இது உள் விஷயம், தொடாதே' என்று அர்த்தம். வெறும் மரியாதைதான், பூட்டு இல்லை. (பைத்தான் 3இல் இந்தப் பெயர்களையெல்லாம் தமிழிலேயே வைக்கலாம், ஓடும். கடையில் கூட வேலை பார்க்கும் பர்மியப் பையனுக்கும் புரிய வேண்டும் என்பதால் நான் ஆங்கிலத்துக்கே போய்விட்டேன்.)

இன்ஹெரிட்டன்ஸுக்கு, அதாவது ஒரு கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸைப் பிரிப்பதற்கு, அவசரமே வேண்டாம். உளுந்துக்கு ஒரு கிளாஸ், துவரைக்கு ஒரு கிளாஸ் என்று பிரிக்கக் கை அரிக்கும். ஆனால் அவை வகையின் பெயரில்தான் வேறு; நடந்துகொள்வது ஒரே மாதிரி. அதற்கு ஒரு மாறி போதும். சில்லறை லாட்டும் ஏற்றுமதி லாட்டும் அப்படி இல்லை. ஒன்று வீசையில் மதிப்புப் போடும், மற்றது டன்னில். அங்கே மட்டும் லாட்டிலிருந்து இரண்டு கிளாஸ் பிரித்து, இரண்டிலும் மதிப்பு என்ற மெத்தடைத் தனித்தனியாக எழுதினேன். பட்டியலில் எந்த லாட் வந்தாலும் மதிப்பைக் கேட்டால் போதும், இது எந்த வகை என்று பார்க்கும் இஃப் எதுவும் தேவையில்லை. பாலிமார்ஃபிசம் என்று பயமுறுத்துவார்களே, அது இவ்வளவுதான்.

அதைவிட எனக்குப் பிடித்தது பணம் என்ற குட்டிக் கிளாஸ்தான். மொத்தம் போடும்போது டாலரும் சாட்டும் வெறும் எண்களாக இருந்தால் பைத்தான் சத்தமில்லாமல் கூட்டித் தந்துவிடும், அதுதான் ஆபத்து. தொகையையும் நாணயத்தையும் சேர்த்து ஒரு ஆப்ஜெக்ட் ஆக்கி, கூட்டல் குறிக்கு என்ன அர்த்தம் என்பதை ஆட் என்ற சிறப்பு மெத்தடில் எழுதினேன். பெயருக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட வேண்டும்: __add__. நாணயம் வேறாக இருந்தால் பிழை கிளப்பி நின்றுவிடும். மாமாவுக்கு இப்போது இரண்டு மொத்தம் வருகிறது, சாட்டில் ஒன்று, டாலரில் ஒன்று. அன்றைய மாற்று விலையை அவரே மனசுக்குள் போட்டுக்கொள்கிறார். அந்த விஷயத்தில் என் புரோகிராமை அவர் நம்புவதாக இல்லை.

பைத்தான் 3.7இல் வந்த டேட்டாகிளாஸைப் பயன்படுத்தினால், ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஆரம்ப மதிப்புகளை வைக்கும் இனிட் மெத்தடை நாம் எழுத வேண்டியதே இல்லை. ஆனாலும் முதல் சில கிளாஸ்களுக்கு அதைக் கையாலேயே எழுதுங்கள். எது இனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் பிடிபடும். விற்பனைப் பட்டியல் போன்ற ஒரு லிஸ்ட்டை இனிட்டுக்கு வெளியே, கிளாஸின் உடம்பில் வைத்தால் எல்லா லாட்டும் அந்த ஒரே லிஸ்ட்டைப் பகிர்ந்துகொள்ளும். உளுந்தில் விற்றது துவரைக் கணக்கிலும் ஏறும். டேட்டாகிளாஸில் காலி லிஸ்ட்டை அப்படி ஆரம்ப மதிப்பாகக் கொடுத்தால் பைத்தான் உடனே பிழை காட்டும், சாதாரண கிளாஸில் ஒன்றும் சொல்லாது.