மண்ணெண்ணெயில ஓட்டினவைக்கு பற்றரி பெரிசா?

போர்க்காலப் பொருளாதாரத் தடை நேரம் மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடவைச்சவை எங்கட வன்னி மெக்கானிக்மார். கெட்டித்தனத்தில குறையில்லை.

வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில எடுபட்டாப் பிறகு ஏ9 வீதியில மின்சாரக் கார் கூடுது. அதுக்கு எஞ்சின் ஒயில் இல்லை, பிளக் இல்லை, கிளச் இல்லை, சைலன்சரும் இல்லை. கராச்சுக்கு மிஞ்சிறது பிறேக், டயர் மாதிரிக் கொஞ்ச வேலைதான்.

அதே பெப்ரவரியில பிரசெல்சில அவுடி தொழிற்சாலையை மூடிச்சினம். கிட்டத்தட்ட 3000 பேருக்கு வேலை போச்சு. செய்தது மின்சாரக் கார்தான், பாருங்கோவன்! அங்க தொழிற்சங்கம் நிண்டு நட்டஈடு பேசிச்சு. சேமலாப நிதிகூட இல்லாமல் கிளிநொச்சியில ஸ்பானர் பிடிக்கிற பெடியனுக்கு ஆர் பேசுறது?

400 வோல்ற் பற்றரியில பழக்காமல் கைவைக்கேலாது. அறிவியல்நகர் ஜேர்மன் பயிற்சி நிறுவகம் கிட்டத்தானே? வேலை செய்யிற பெடியளுக்கு, நாள்கூலி தந்து, பின்னேர வகுப்பு வையுங்கோ.