படம் பார்த்த வருசம், 2024

ஜூன் 16, ஞாயிறு

மகாராஜா. விஜய் சேதுபதியின் 50ஆவது படம். வீட்டுக் குப்பைத் தொட்டியைக் காணவில்லை என்று முறைப்பாடு கொடுக்க ஒருவர் பொலிசுக்குப் போகிறார், அங்கிருந்து தொடங்குகிறது கதை. இயக்குநர் நித்திலன் காலத்தைக் கலைத்துப் போட்டு அடுக்கிய விதத்தில் இடைவேளைக்குக்கூட எழும்ப மனம் வரவில்லை. வெளியே வந்து மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போதுதான் ஒன்று உறுத்தியது. அந்தப் பிள்ளைக்கு நடந்த கொடுமை கடைசித் திருப்பத்துக்காகத்தானே வைக்கப்பட்டிருக்கிறது? அந்தத் திருப்பத்துக்கு நானும் கைதட்டிவிட்டேன்.

நாளை ஹஜ்ஜுப் பெருநாள். காத்தான்குடிச் சிநேகிதன் சாப்பாட்டுக்கு வரச்சொல்லியிருக்கிறான். படத்தின் முடிவைச் சொல்லக்கூடாது என்று இப்போதே கட்டளை.

ஜூலை 14, ஞாயிறு

இந்தியன் 2. வீட்டுக்கு வந்து இரண்டு பிளேன்டீ குடித்தும் தலையிடி போகவில்லை.

முதல் இந்தியன் 1996இல் வந்தது. எனக்குப் பதினைந்து வயது, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அம்மம்மா வீட்டில் இருந்தோம். கரண்ட் கிடையாது. கலியாணவீடு, சாமத்தியவீடு என்று யாராவது ஜெனரேட்டரும் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்தால் ஒரே இரவில் மூன்று படம் ஓடும். ஒரு நாள் இந்தியனை இரண்டாவதாகப் போட்டார்கள். சேனாபதி மகனைத் தேடிப் போகிற இடத்தில் எண்ணெய் முடிந்துவிட்டது. இருட்டில் நுளம்புக்கடி, பின்னால் யாரோ பொடியன் அழுகிற சத்தம். மகனைக் கொன்றாரா விட்டாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அதற்குள் நானே நாலு முடிவு கட்டி வைத்திருந்தேன், ஒன்றில்கூட அவர் கொல்லவில்லை.

இந்த முறை மூன்று மணித்தியாலம் இருத்தி வைத்துவிட்டு, மூன்றாம் பாகத்துக்கு வாருங்கள் என்று முன்னோட்டம் காட்டி அனுப்பினார்கள். இடையில் எண்ணெய் முடிந்திருந்தால் சந்தோசமாக எழும்பி வந்திருப்பேன்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

பிரசன்ன விதானகேயின் பரடைஸ். மடிகணினியில், தனியே.

2022இல் நாடு கவிழ்ந்து கிடக்கும்போது இந்தியாவிலிருந்து ஒரு சோடி இராமாயண இடங்களைப் பார்க்க மலைநாட்டுக்கு வருகிறது. அந்த வருசம் நான் பெற்றோல் செட் வரிசையில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தவன். அதனால் எங்கள் கஷ்டத்தை வந்தவர்கள் வேடிக்கை பார்க்கும் கதையாக இருக்குமோ என்று முறைத்தபடியேதான் தொடங்கினேன். அப்படி இல்லை. அவர்களின் மடிகணினியும் போன்களும் களவு போகின்றன. பொலிஸ் அதிகாரி தோட்டத்துத் தமிழ் ஆட்கள் சிலரைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்துகிறார். இவர்கள்தானா? கணவனுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் அவனுக்கு வேலை முடிய வேண்டும், பொருள் திரும்பக் கிடைக்க வேண்டும். ஓம் என்று விடுகிறான்.

நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். 1990இல் பள்ளிக்கூட மைதானத்தில் எங்கள் ஊர் ஆண்களை வரிசையாக இருத்தினார்கள். சாக்கால் மூடிய முகம், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. தலையாட்டி, தலையை அசைத்து ஆளைக் காட்டிக்கொடுப்பவன். ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நிற்பான். சின்ன மாமாவுக்கு முன்னால் அந்தச் சாக்கு லேசாக, தூங்கி விழுவதுபோல, அசைந்தது. அவ்வளவுதான். எனக்கு ஒன்பது வயது. சாக்கில் சிவப்பு எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது, என்ன எழுத்து என்பதுதான் வரவில்லை.

பிறகு வந்து மிச்சத்தைப் பார்த்தேன். இந்த வருசத்துப் படங்களில் இதற்கு மேல் ஒன்று வருமென்று தோன்றவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை.

செப்ரெம்பர் 29, ஞாயிறு

மெய்யழகன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். தியேட்டரில் பாதிக்கதிரை காலி.

1996இல் தஞ்சாவூர் வீட்டைவிட்டு வெளியேறிய ஒருவன் 22 வருசம் கழித்துத் தங்கைமுறைப் பெண்ணின் கலியாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறான். அத்தான் அத்தான் என்று ஒருவன் ஒட்டிக்கொள்கிறான். அவன் யாரென்று இவனுக்கு ஞாபகம் இல்லை, கேட்கவும் வெட்கம். இவ்வளவுதான் படம். அரவிந்த்சாமி மணமேடையில் நகைகளை எடுத்துத் தங்கைக்குப் போட்டுவிடும் இடத்தில் அம்மா சேலைத் தலைப்பை எடுத்துவிட்டார். நானும்தான், இருட்டு என்பதால் தப்பினேன்.

இவர்கள் விட்டுவிட்டுப் போன பழைய சைக்கிளால் அந்தக் குடும்பம் தலையெடுத்தது என்று ஒரு இடம் வரும். நாங்கள் ஊரைவிட்டு ஓடியபோது அப்பாவின் றலி சைக்கிளைக் கிணற்றடியில் சாத்திவிட்டுத்தான் வந்தோம். ஓட்டோவில் திரும்பும்போது அம்மா சொன்னார்: “மனே, நம்மட சைக்கிள எடுத்தவனும் நல்லா இருக்கட்டும்.” முப்பத்துநாலு வருசமாக அதை எடுத்தவனை அவர் திட்டித்தான் கேட்டிருக்கிறேன்.

இரவெல்லாம் அந்த இருவரும் இருந்து கதைக்கும் பகுதி நீளம்தான். எனக்கு நீளமாகத் தெரியவில்லை. கதைக்க ஆள் வந்தால் எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

ஒக்ரோபர் 2, புதன்

மெய்யழகனில் சுமார் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்களாம். அந்த இரவுப் பேச்சில், ஈழத்துப் போரைப் பற்றி அந்த ஒட்டிக்கொண்டவன் பேசும் இடமும் போய்விட்டது. நல்லவேளை ஞாயிறே போனோம்.

நவம்பர் 3, ஞாயிறு

அமரன், ஒரு இந்திய இராணுவ அதிகாரியின் கதை. தீபாவளிக் கூட்டம் இன்னும் குறையவில்லை. சாய் பல்லவி வரும் காட்சியெல்லாம் நன்றாக இருக்கிறது. கணவன் பேசும் போனைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பதில் ஒரு முழுப் படம் இருக்கிறது.

ஆனால் காஷ்மீரில் வீடு வீடாகத் தேடுதல் நடக்கும்போது எனக்கு மற்றப் பக்கம்தான் தெரிகிறது, கதவுக்கு உள்ளே நிற்கிற பக்கம். முன்வரிசைப் பொடியன்கள் விசிலடித்தார்கள். அவர்களுக்கு இருபது வயது, பூட்ஸ் சத்தம் அவர்களுக்கு வெறும் பூட்ஸ் சத்தம். அது நல்லதுதான். அம்மா இடைவேளையில் வாங்கிய கச்சான் சரையைப் பிரிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து அப்படியே குசினித் தட்டில் வைத்தார்.

பிடித்த படமா என்றால் சொல்லத் தெரியவில்லை. படத்தின் மீது குறை எழுத வந்தால் என் கதையை எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 16, சனி

கங்குவா, பாராளுமன்றத் தேர்தல் நாளிலேயே வந்த படம். நாடு முழுக்கத் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி அள்ள, நம்முடைய மட்டக்களப்பு மாவட்டம் மட்டும் தமிழரசுக் கட்சியின் வீட்டுக்குக் கொடுத்திருக்கிறது. தியேட்டர் வாசலிலும் அதே கதைதான். எல்லார் விரலிலும் மை காயாமல் இருந்தது.

படத்தைவிட அது சுவாரசியம். இரண்டரை மணித்தியாலம் எல்லாரும் கத்துகிறார்கள். சத்தத்தை இரண்டு புள்ளி குறைக்கச்சொல்லித் தயாரிப்பாளரே தியேட்டர்களைக் கேட்டிருக்கிறார் என்றால் பாருங்கள். சூர்யா உழைத்தது தெரிகிறது, பாவம்.

நவம்பர் 28, வியாழன்

நாலு நாளாக மழை. முற்றத்தில் முழங்கால் தண்ணீர், கரண்ட் வருவதும் போவதும். அம்பாறைப் பக்கம் மாவடிப்பள்ளியில் மதரசாப் பிள்ளைகளை ஏற்றிப்போன உழவு இயந்திரத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. படம் எதுவும் இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

தியேட்டரில் தவறவிட்ட இரண்டு. மச்சான் பென்டிரைவில் கொண்டுவந்தான்.

கொட்டுக்காளியில் பின்னணி இசையே கிடையாது. ஓட்டோ உறுமலும் சேவலும் சூரியின் தொண்டை கட்டிய குரலும்தான். வழியை மறித்து நிற்கும் மாட்டை ஆம்பிளைகள் எல்லாம் சேர்ந்தும் அசைக்க முடியாமல் நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து கூட்டிக்கொண்டு போகிறாள். அதற்கு நான் சிரித்த சிரிப்பில் மச்சான் பயந்துவிட்டான். முடிவு வந்ததும், “இவ்வளவுதானா? மிச்சம் எங்கடா?” என்று பென்டிரைவைக் கழற்றிப் பார்த்தான்.

லப்பர் பந்து அவனுக்கென்றே எடுத்த படம். நாற்பது தாண்டியும் மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டியை விடாதவன். கெத்தாக வரும் தினேஷ் மட்டையைத் தூக்கும்போதெல்லாம் இவனும் கதிரையில் தூக்கினான். மச்சாள் கதவடியில் நின்று, “உங்களுக்கும் யசோதை மாதிரி ஒருத்திதான் சரி” என்றாள், படத்தில் கெத்தின் மனைவியைச் சொல்லி. ஹரிஷ் கல்யாண் பக்கமும் தினேஷ் பக்கமும் ஒரே அளவு நியாயம் இருக்கும்படி எழுதியிருக்கிறார்கள். சாதியைப் பற்றிப் பேசும்போதும் படம் விளையாட்டை விடவில்லை. மெய்யழகனுக்குப் பக்கத்தில் இதை வைக்கலாம்.

டிசம்பர் 29, ஞாயிறு

விடுதலை இரண்டாம் பாகம் போன கிழமை பார்த்தேன். முதல் பாகத்தில் மூச்சுவிட இடம் இருந்தது, இதில் வகுப்பு எடுக்கிறார்கள். நோட்ஸ் எழுதாமல் வந்துவிட்டேன்.

இன்று மத்தியானம் அம்மா, “அந்தச் சைக்கிள் படத்த இன்னொருக்காப் போடு மனே” என்றார். மச்சான் தந்தது வெட்டிய பிரதி. நான் ஒன்றும் சொல்லாமல் போட்டேன். கலியாண வீடு முடிந்தது, இரவுச் சாப்பாடு முடிந்தது, பேச்சு தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அம்மா நிமிர்ந்து இருந்தார்.

“இதில அந்தப் பொடியன் நம்மளப் பத்தி என்னமோ கதைச்சானே. எங்க அது?”

வெட்டிப்போட்டாங்க அம்மா என்றேன்.

“ஏன்?”

நீளமாம் என்றேன். அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அரிசி போட நேரமாகிறது என்று எழும்பிப் போனார்.