சுற்றி வளைக்காமல் கேட்கும் ஜெபம்

நம் சபைகளில் ஜெபக்குறிப்பு சொல்லுங்கள் என்றால் பாதிப்பேர் "குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுகிறார்கள். குடும்பத்தில் என்ன? மகன் வீட்டில் பேசுவதில்லையா, கடன் கழுத்தை நெரிக்கிறதா, கணவர் மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டாரா? சொல்ல மாட்டார்கள். மும்பைப் பக்கத்து டோம்பிவிலியில் வாடகைக்கு எடுத்த ஒரு ஹாலில், அக்கம்பக்கத்துத் தமிழ்க்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது யார்தான் வீட்டு விஷயத்தைக் கொட்டுவார்கள், அது எனக்குப் புரிகிறது. என் கவலை வேறு. தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, கர்த்தரிடம் பேசும்போதும் நாம் இப்படித்தான் பேசுகிறோம். "எங்களை ஆசீர்வதியும், காத்தருளும், உம்முடைய சித்தப்படி ஆகட்டும், ஆமென்." குறிப்பாக எதையும் கேட்காததால் எதுவும் கிடைக்கவில்லை என்றும் தெரியப்போவதில்லை. ஏமாந்துபோகாமல் இருக்க நாமே முன்கூட்டிக் கட்டிக்கொண்ட வேலி அது.

"உம்முடைய சித்தம் ஆகட்டும்" என்பது இயேசுவே ஜெபித்த ஜெபம், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் அவர் அதை எப்போது சொன்னார் என்று பாருங்கள். இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று முதலில் வெளிப்படையாகக் கேட்டார், வியர்வை சிந்தக் கேட்டார், ஒருமுறையோடு நிறுத்தவும் இல்லை, திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார். கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொடுத்தார். நாம் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாவது பாதியை மட்டும் சொல்கிறோம். மனதில் இருப்பதைச் சொல்லாமலே ஒப்புக்கொடுத்தால் எதை ஒப்புக்கொடுத்தோம்?

பர்திமேயு கதையும் எனக்கு இதனால்தான் பிடிக்கும். எரிகோவின் வழியோரத்தில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த குருடன். சும்மா இரு என்று பலர் அதட்டியும் அவன் கத்துவதை நிறுத்தவில்லை. இயேசு நின்று, கூப்பிட்டு, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். கண் தெரியாதவனுக்கு என்ன வேண்டும் என்று அங்கே நின்ற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஆனாலும் கேட்டார். அவன் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தார். அவனும் "என் நிலைமையைக் கண்ணோக்கும்" என்று பொதுவாகச் சொல்லாமல், பார்வை வேண்டும் என்று சொன்னான். அழியப்போகிற சோதோம் பட்டணத்தைக் காப்பாற்ற ஆபிரகாம் கர்த்தரிடம் வாதாடினதைப் படித்தால் இன்னும் ஆச்சரியம். 50 நீதிமான்கள் என்று ஆரம்பித்து, 45, 40, 30, 20 என்று இறங்கி 10-இல் வந்து நிற்கிறார். நான் தூளும் சாம்பலுமானவன் என்றும் சொல்லிக்கொள்கிறார், கேட்பதையும் நிறுத்தவில்லை. தாழ்மை என்றால் கேட்காமல் இருப்பது என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை, நிச்சயமாக ஆபிரகாம் சொல்லவில்லை.

இந்தத் தைரியம் எங்கிருந்து வருகிறது? என் உபவாசத்திலிருந்தோ, எத்தனை மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன் என்பதிலிருந்தோ வந்தால் அது ரொம்ப நாள் தாங்காது. எபிரெயர் நிருபம் 4-ஆம் அதிகாரத்தில் "தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்" என்று வருகிறதே, அதற்கு முந்தின இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும். நம்முடைய பலவீனங்களைக் குறித்துப் பரிதபிக்கிற பிரதான ஆசாரியராக இயேசு இருக்கிறார், ஆதலால் தைரியமாகப் போங்கள் என்கிறது. காரணம் முழுவதும் அவர் பக்கம். லீவுக்கு ஊருக்குப் போன பிள்ளை யாரிடமும் அனுமதி கேட்காமல் அடுக்களைக்குப் போய் முறுக்கு டப்பாவைத் திறக்குமே, அந்த உரிமை அதன் நல்ல நடத்தையால் வந்ததில்லை, அது அந்த வீட்டுப் பிள்ளை, அவ்வளவுதான். மனசு சோர்ந்து, விசுவாசம் என்று சொல்லிக்கொள்ளவே கூசுகிற நாட்களிலும் நான் போய் நிற்கிறேன் என்றால் அந்த உரிமையை நம்பித்தான். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும்" என்று அழுத தகப்பனை மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் இயேசு திருப்பி அனுப்பவில்லை. அவன் மகன் சுகமானான்.

மும்பையில் இருப்பவர்கள் செப்டம்பரில் பாந்த்ரா மவுண்ட் மேரி திருவிழாவுக்குப் போயிருப்பீர்கள். ஏறுகிற வழியெல்லாம் கடைகளில் மெழுகில் செய்த உருவங்கள் விற்கும். வீடு வேண்டுமென்றால் மெழுகு வீடு, குழந்தை வேண்டுமென்றால் மெழுகுக் குழந்தை, காலில் வலி என்றால் மெழுகுக் கால். நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள், எனக்கு அந்த வழக்கம் இல்லை, மாதாவிடம் வேண்டுவதில் எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனாலும் அங்கே வருகிறவர்கள், அதில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் ஏராளம், தனக்கு என்ன தேவை என்பதைக் கையில் பிடித்துக்கொண்டு படி ஏறுகிறார்கள் என்பது என்னைத் தொடுகிறது. இந்த ஊரில் வீடு என்பது எவ்வளவு பெரிய ஜெபம் என்று பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்தவர்களுக்குத் தெரியும். வசனமெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த நாம் ஏன் அவ்வளவு தெளிவாகக் கேட்பதில்லை?

எங்கள் சபையில் சிலர் சேர்ந்து சனிக்கிழமைகளில் பரேல், தாதர் பக்கம் போவோம். டாடா மெமோரியல் மருத்துவமனைக்கு 1941-இலிருந்து நாடு முழுவதிலிருந்தும் புற்றுநோயாளிகள் வந்துகொண்டிருக்கிறார்கள். பீகார், உத்தரப் பிரதேசம், வங்காளம் என்று வருகிறவர்களில் இடம் கிடைத்தவர்கள் தாதரில் காட்கே மகராஜ் பெயரில் இருக்கும் தர்மசாலையில் தங்குவார்கள், கிடைக்காதவர்கள் நடைபாதையில் பிளாஸ்டிக் ஷீட் கட்டிக்கொள்வார்கள். சாப்பாடு கொண்டுபோவோம், ஃபைலைப் படித்து எந்த கவுன்டருக்குப் போக வேண்டும் என்று சொல்வோம். ஜெபிக்கட்டுமா என்று கேட்போம், வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிடுவோம், சாப்பாடு எப்படியும் உண்டு. பெரும்பாலும் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

அங்கேதான் அந்த அக்காவைப் பார்த்தேன். தாராவியில் இட்லி வியாபாரம், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகனுக்கு ரத்தப் புற்றுநோய். ரத்தத்தில் பிளேட்லெட் (தட்டணுக்கள்) ஏறாததால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். எங்களில் ஒருவர் வழக்கம்போல நீளமாக, அழகாக ஜெபித்து முடித்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஏம்மா, ஆண்டவருக்கு எல்லாம் தெரியும், அது எனக்கும் தெரியும். நீ பிளேட்லெட்டுன்னு வாயைத் தொறந்து சொல்லிக் கேளு. நாளைக்கு ரத்தம் எடுப்பாங்க, ஏறியிருக்கணும்." மருத்துவமனைக்கு வெளியே நின்று, பேருந்துச் சத்தத்துக்கு நடுவில், நான் பிளேட்லெட்டுக்காக ஜெபித்தேன். ஏறியது. கீமோ நடந்தது, தம்பி எழுந்து நடந்தான், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்து அம்மாவோடு முன்வரிசையில் நின்று ஸ்தோத்திரம் சொன்னான்.

பிறகு நோய் திரும்பி வந்தது. அந்த முறையும் அதே தைரியத்தோடுதான் கேட்டோம், சபை முழுவதும் உபவாசம் இருந்து கேட்டோம். தம்பி இறந்துவிட்டான்.

இதை மறைத்துவிட்டு முதல் பாதியை மட்டும் சாட்சியாகச் சொல்ல என்னால் முடியாது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் தைரியமாக ஜெபிப்பது என்றால் என்ன என்று பேச வேண்டும். விசுவாசம் குறைந்ததால்தான் போய்விட்டான் என்று அந்தத் தாயிடம் ஒருவர் சொன்னார். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. பவுலுக்கு விசுவாசம் குறைவா? மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், "என் கிருபை உனக்குப்போதும்" என்றுதான் பதில் வந்தது. ஆண்டவரை ஒரு பட்டனைப்போல நினைத்து, சரியாக அழுத்தினால் வேலை செய்யும், செய்யவில்லை என்றால் அழுத்தினவன் தப்பு என்று பேசுவதற்குப் பெயர் விசுவாசம் இல்லை. அதேபோல, ஜெபித்துவிட்டோம், மாத்திரையை நிறுத்து என்று சொல்கிறவர்கள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். சாகும் நோயில் கிடந்த எசேக்கியா ராஜா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தார், கர்த்தர் அவருக்கு 15 வருஷம் கூட்டிக்கொடுத்தார். அந்த வாக்குத்தத்தத்தைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசியே அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் வைக்கச் சொன்னார். ஜெபமும் மருந்தும் ஒரே அறையில்தான் இருந்தன.

எங்கள் பூர்வீக ஊரிலிருந்து, திருநெல்வேலிப் பக்கத்தில் இருக்கும் டோனாவூர் தூரமில்லை. ஞாயிறு பள்ளியில், அங்கே ஊழியம் செய்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் எங்கள் பக்கம் குறைவு. அயர்லாந்தில் சிறுமியாக இருந்தபோது தன் பழுப்புக் கண்கள் நீலமாக மாற வேண்டும் என்று ஜெபித்தார், மாறவில்லை, பின்னாளில் இந்தியாவில் இந்தியப் பெண்களில் ஒருத்தியாகத் தெரிய அந்தப் பழுப்புக் கண்கள்தான் உதவின என்று டீச்சர் முடிப்பார். நல்ல கதைதான். கிடைக்காத ஜெபத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அது பிறகு தெரிந்தது, எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அதே அம்மையார் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டார், அதன்பின் 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் தன் அறையிலேயே வலியோடு கிடந்தார். கோயில்களுக்குக் கொடுக்கப்பட இருந்த பிள்ளைகளை 1901-இலிருந்து மீட்டு வளர்த்தவர், பணத்துக்காக யாரிடமும் கையேந்தாமல் ஜெபத்திலேயே அந்தக் குடும்பத்தை நடத்தினவர். படுக்கையிலிருந்தே நிறைய எழுதினார், உண்மை, ஆனால் "எழுதுவதற்காகத்தான் படுக்கவைத்தார்" என்று சொல்லி அந்த இருபது வருஷத்தை நான் மூடிவைக்க மாட்டேன். காரணம் தெரியாத பதில்களும் உண்டு. அவர் அந்த அறையிலும் கேட்பதை நிறுத்தவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம்.

அக்காவும் நிறுத்தவில்லை. அடக்கம் முடிந்து அடுத்து வந்த ஜெபக் கூட்டத்திலேயே எழுந்து, "ஏன் ஆண்டவரே, கேட்டேனே, எத்தனை நாள் கேட்டேன்" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். யாரும் அவரை அடக்கவில்லை. பாஸ்டர் 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து வாசித்தார், எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று தாவீது கேட்கிற சங்கீதம். அதுவும் தைரியமான ஜெபம்தான், சொல்லப்போனால் நான் கேட்டதிலேயே தைரியமான ஜெபம் அதுதான். வேண்டாதவரிடம் யாரும் இப்படிச் சண்டை போட மாட்டார்கள். "நீர் என்னை ஆசீர்வதித்தாலொழிய உம்மைப் போகவிடேன்" என்று யாக்கோபு பிடித்துக்கொண்டது தேவனோடு இரவெல்லாம் போராடின பிறகு, தொடை சுளுக்கின பிறகு.

அப்புறம், வெளியே இருக்கிற வாழ்க்கை. தைரியம் என்றதும் மைக்கும் ஸ்பீக்கரும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் ஃபிளாட்டில் வீட்டுக் கூட்டம் வைக்கும்போது சொசைட்டி செயலாளரிடம் முன்னாலேயே சொல்லிவிடுவோம், பாட்டை மெதுவாகப் பாடுவோம், எதிர்வீட்டுக் குழந்தைக்குப் பரீட்சை என்றால் பாட்டே இல்லை. கர்மேல் மலையில் பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள், எலியாவின் ஜெபம் இரண்டே வசனம். அதேசமயம் நான் யார் என்பதை நான் மறைப்பதில்லை. அலுவலகத்தில் கூட வேலை செய்யும் மராத்திப் பெண் ஒருத்தி, மாமியாருக்கு ஆபரேஷன் என்று சொன்னாள், உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்றேன், எந்தக் கடவுளிடம் என்று கேட்டாள், இயேசுவிடம் என்றேன், சரி என்றாள். அவ்வளவு சாதாரணமாக நடந்தது. அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரத்தில் மிரட்டி அனுப்பப்பட்ட சீஷர்கள் ஒன்றுகூடி, மிரட்டுகிறவர்களை ஒழித்துவிடும் என்று கேட்கவில்லை, பயமில்லாமல் பேசப் பலம் தாரும் என்று கேட்டார்கள். இந்த நாட்களில் நம் சபைகள் கேட்க வேண்டியதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

நேரமில்லை என்பவர்களுக்கு, பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியாவைக் காட்டுவேன். உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்கிறார், இவர் பதில் சொல்வதற்குள் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்துவிடுகிறார். அந்த ஒரு மூச்சு போதும். காலை லோக்கலில் லேடீஸ் பெட்டியில் கையை அசைக்கக்கூட இடமில்லாமல் நின்றுகொண்டு, தானேயிலிருந்து குர்லா வரை பெயர் பெயராக ஜெபித்துக்கொண்டே போகலாம், நான் அப்படித்தான் போகிறேன்.

இப்போது நான் கேட்டுக்கொண்டிருப்பவற்றைச் சொல்கிறேன், உங்களால் முடிந்தால் சேர்ந்து கேளுங்கள். அக்காவின் மகளுக்கு இந்த வருஷம் அரசுக் கல்லூரியில் நர்சிங் சீட். என் தம்பி ஐந்து வருஷமாக அப்பாவோடு பேசவில்லை, இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் ஊருக்குப் போய் அவரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தர்மசாலையில் இருக்கிற பீகார்க்காரப் பெரியவருக்குத் திங்கட்கிழமை ஸ்கேன், கட்டி சுருங்கியிருக்க வேண்டும். எங்கள் சபைக்கு, மாதாமாதம் வாடகைக்கு அல்லாடாமல் இருக்க, ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் சொந்தமாக ஒரு இடம்.