டைம்அவுட் ஆன பிறகு பஃபர் யாருடையது?

வெண்ணாற்றுக் கிளை வாய்க்கால் ஒன்றின் மதகடியில், நீர்மட்டம் அளக்க ஒரு லினக்ஸ் பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அழுத்த சென்சாரும் ஈஈப்ராமும் (நினைவகச் சிப்) ஒரே ஐ2சி பஸ்ஸில், அதாவது டேட்டா லைன், கிளாக் லைன் என்ற இரண்டு வயர் இணைப்பில், இருக்கின்றன. பக்கத்து வயலில் போர்செட்டு மோட்டார் போட்டால் வோல்டேஜ் ஒரு கணம் இறங்கும். சென்சார் பாதி பைட்டில் நின்று, டேட்டா லைனைக் கீழேயே பிடித்துக்கொள்ளும். மேசைமேல் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய டிரைவர் அங்கேதான் மாட்டும். அதனால் ஐ2சி கன்ட்ரோலர் டிரைவரை ரிவியூ பண்ணும்போது முதலில் பார்க்க வேண்டியது டைம்அவுட் பாதை, அதாவது பதில் வராமல் நேரம் முடிந்தால் ஓடும் பகுதி. புரோப் (டிவைஸைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷன்) அப்புறம்.

வழக்கமான புரோகிராம் கோடு இப்படி இருக்கும்: ஸ்டார்ட் பிட்டைப் போட்டுவிட்டு கம்ப்ளீஷனுக்கு, அதாவது வேலை முடிந்தது என்ற அடையாளத்துக்குக் காத்திருக்கும்; நேரம் முடிந்து 0 வந்தால் டைம்அவுட் எர்ரரைத் திருப்பி அனுப்பிவிடும். (காத்திருக்கும் அந்த ஃபங்ஷன் தருவது அன்சைன்டு லாங், நெகட்டிவே ஆகாது. அதை ‘நெகட்டிவா’ என்று சோதிக்கும் வரி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.) நாம் கைவிட்டது ஹார்டுவேருக்குத் தெரியாது. கொஞ்சம் தாமதித்து இன்டரப்ட் (ஹார்டுவேர் கெர்னலைக் கூப்பிடும் சிக்னல்) வரும். அதைக் கவனிக்கும் ஹேண்ட்லர் ஃபங்ஷன், பழைய மெசேஜ் பாயின்டர் காட்டும் பஃபரில் பைட்டை எழுதும். அழைத்தவர் அந்த மெமரியை அதற்குள் விடுவித்திருப்பார். முறை முடிந்தும் மதகை இறக்காமல் வீட்டுக்குப் போனவர் கதைதான்: தண்ணீர் யார் வயலில் பாய்கிறது என்று கேட்க ஆளிருக்காது.

சரியான வரிசை இது. கன்ட்ரோலரில் இன்டரப்டை மாஸ்க் செய்து (அடைத்து), எழுதியது போய்ச் சேர அதே ரெஜிஸ்டரை ஒருமுறை வாசிக்க வேண்டும். பிறகு சிங்க்ரொனைஸ்-ஐஆர்க்யூ (ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருக்கும் ஃபங்ஷன்), அதன்பின் கன்ட்ரோலர் ரீசெட், பாயின்டரை நல் ஆக்குவது. ரிட்டர்ன் கடைசியில். ஹேண்ட்லர் எடுக்கும் ஸ்பின்லாக் என்ற பூட்டைப் பிடித்துக்கொண்டே சிங்க்ரொனைஸ்-ஐஆர்க்யூவை அழைத்தால் டெட்லாக்: இரண்டும் ஒன்றுக்கொன்று காத்து நிற்கும். சிக்னல் வந்தால் பாதியில் திரும்பிவிடும் இன்டரப்டிபிள் வகைக் காத்திருப்பிலும் இதே ஓட்டைதான், அங்கே ஒரு கன்ட்ரோல்-சி போதும். கம்ப்ளீஷனை ரீஇனிட் செய்வது (பழைய அடையாளத்தை அழிப்பது) ஸ்டார்ட் பிட்டுக்கு முன்னால் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் போன தடவை பிந்தி வந்த கம்ப்ளீஷனை இந்தத் தடவையின் வெற்றியாக எடுத்துக்கொண்டு, பைட்டே வராத பஃபரை நீர்மட்டம் என்று மேலே அனுப்பிவிடும்.

டைம்அவுட் எவ்வளவு? 100 கிலோஹெர்ட்ஸில் ஒரு பைட்டுக்கு, ‘கிடைத்தது’ என்று சொல்லும் அக் பிட்டையும் சேர்த்து 9 கிளாக், அதாவது 90 மைக்ரோசெகண்ட். யூசர்ஸ்பேஸிலிருந்து (சாதாரண புரோகிராமிலிருந்து) ஐ2சி-டெவ் வழியாக ஒரு மெசேஜில் 8192 பைட் வரை அனுப்பலாம்; அதற்கே சுமார் 737 மில்லிசெகண்ட் ஆகும். கிளாக் ஸ்ட்ரெச்சிங் (சென்சார் கிளாக் லைனைப் பிடித்துத் தாமதப்படுத்துவது) இதற்கு மேல். 100 மில்லிசெகண்ட் என்று கோடில் எழுதிவைத்திருந்தால் சுமார் 1,100 பைட்டிலேயே உதைக்கும். அடாப்டரின் (கெர்னலில் இந்தக் கன்ட்ரோலரைக் குறிக்கும் பதிவு) டைம்அவுட் ஃபீல்டைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். எதுவும் வைக்காவிட்டால் கோர், அதாவது கெர்னலின் பொது ஐ2சி பகுதி, 1 செகண்ட் வைக்கும்.

பிடித்துக்கொண்ட டேட்டா லைனை விடுவிக்க 9 கிளாக் பல்ஸ் வரை தட்டும் ரெக்கவரி கோரிலேயே இருக்கிறது, டிரைவருக்குள் தனியாக எழுத வேண்டாம். கிளாக் லைனே கீழே நின்றால் இது உதவாது. சென்சாரின் பவரை வெட்டிக் கொடுக்க போர்டில் வழி இருக்க வேண்டும்.

புரோபில் ஒன்றே ஒன்று: அடாப்டரைப் பதிவு செய்வது கடைசி. பதிவான அந்த நொடியே சென்சார் டிரைவர்கள் பேசத் தொடங்கிவிடும். டிரைவரை நீக்கும் ரிமூவில் அதை முதலில் எடுக்க வேண்டும். இன்டரப்டை டெவ்எம் வகையில் (ரிமூவ் முடிந்த பிறகே கெர்னல் தானாக விடுவிக்கும் வகை) வாங்கிவிட்டு கிளாக்கை மட்டும் கையால் அணைத்தால், ஷேர்டு லைனில் வரும் அடுத்த இன்டரப்ட் கிளாக் இல்லாத ரெஜிஸ்டரைத் தொடும்; சில எஸ்ஓசி சிப்களில் போர்டே உறைந்துவிடும்.

“டெஸ்ட் பண்ணினேன்” என்று பேட்சில் எழுதியிருந்தால் எப்படி என்று கேளுங்கள். பஸ்ஸில் என்னென்ன இருக்கிறது என்று தேடும் ஐ2சி-டிடெக்ட் ஓடியது போதாது. இரண்டு ஜிபிஐஓ வயரை அதே பஸ்ஸில் கோர்த்து, வேண்டுமென்றே கோளாறை உண்டாக்க கெர்னலில் இருக்கும் ஐ2சி-ஜிபிஐஓ ஃபால்ட் இன்ஜெக்டரை ஏற்றி, அட்ரஸ் கட்டத்தைப் பாதியில் நிறுத்தச் சொன்னால், சென்சார் டேட்டா லைனைப் பிடித்துக்கொள்ளும். கேசான் (விடுவித்த மெமரியைத் தொட்டால் பிடிக்கும் கருவி) போட்ட கெர்னலில் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிய லாக் வேண்டும்.